43 வயதில் எலெக்ட்ரீஷியன் வேலைக்கு வரலாமா?

கடிதம் எழுதியிருப்பவர் பள்ளிகொண்டா பக்கத்துக் கிராமத்துக்காரர். வயது 43, பத்தாவது தேர்ச்சி. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 21 வருஷ சர்வீஸ். முதல் 12 வருஷம் கட்டிங்கில் தோல் வெட்டியிருக்கிறார். அப்புறம் 9 வருஷமாக மெயின்டனன்ஸில் உதவியாளர். இப்போது ஆர்டர் குறைந்துவிட்டது என்று ஆட்களைக் குறைக்கிறார்கள். "ராஜினாமா எழுதிக் கொடுங்கள், மூன்று மாதச் சம்பளம் தருகிறோம், கணக்கு முடிந்தது" என்று சொல்கிறார்களாம்.

வீட்டு வயரிங் செய்யும் எலெக்ட்ரீஷியனாக மாறலாம் என்பது அவர் யோசனை. மனைவியின் தம்பி பத்து வருஷமாக அந்த வேலை செய்கிறார். "ஆறு மாசம் என்னோட வாங்க மாமா, எல்லாம் கத்துக்கலாம். லைசென்ஸ் எல்லாம் யாரும் கேக்கறதில்ல" என்கிறாராம். இன்னொரு பக்கம் வேலூரில் ஒரு தனியார் பயிற்சி மையம், 48,000 ரூபாய் கட்டினால் மூன்று மாதத்தில் டிப்ளமோவும் லைசென்ஸும் என்கிறது. பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்து ஊரிலேயே எலெக்ட்ரிக்கல் கடை போடலாமா என்பது மூன்றாவது யோசனை. மனைவி பீடி சுற்றுகிறார், மகள் பிளஸ் டூ. இவருக்கு நான்கு வருஷமாகச் சர்க்கரை. "இந்த வயதில் ஐ.டி.ஐ.யிலும் சேர்க்க மாட்டார்கள். கதவு மூடிவிட்டதா?" என்று முடித்திருக்கிறார். கடைசியில் ஒரு வரி: முதலில் என்ன டூல்ஸ் வாங்குவது?

தம்பி, உங்களைவிட இருபது வயது மூத்தவன் என்பதால் அப்படியே கூப்பிடுகிறேன். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் பிரிவில் 27 வருஷம் பயிற்றுநராக இருந்தவன் நான். பதினாறு வயதுப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், மாலை வகுப்பில் நாற்பது தாண்டியவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நாற்பது தாண்டியவர்கள் ஒரு ஜாயின்ட் போட்டால் அதை இரண்டாவது முறை இழுத்துப் பார்ப்பார்கள். அதனால் வயதை நினைத்து நான் கவலைப்படவில்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் அவசரம்தான் எனக்குக் கவலை தருகிறது. ஆறு மாதம், மூன்று மாதம், உடனே கடை என்று எல்லாமே குறுக்கு வழியாக இருக்கிறது. நீங்கள் போக வேண்டிய வழி நீளமானது. ஆனால் அதில் நடந்துகொண்டே சம்பாதிக்கலாம்.

முதலில் அந்த ராஜினாமா

எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 21 வருஷ சர்வீஸுக்கு பணிக்கொடை (கிராஜுவிட்டி) உங்கள் உரிமை, கம்பெனி இஷ்டப்பட்டுக் கொடுப்பதல்ல. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 7,500. அதை 21 வருஷத்துக்குப் போட்டால் 1,57,500 ரூபாய். அவர்கள் சொல்லும் மூன்று மாதச் சம்பளம் இதன் பக்கத்தில்கூட வரவில்லை. இதைத் தவிர, கம்பெனியே ஆட்குறைப்பு செய்தால், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளக் கணக்கில் இழப்பீடும் உண்டு. அதுவும் ஏறக்குறைய இதே அளவுக்கு வரும். நீங்களாகவே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த இழப்பீட்டைக் கேட்க முடியாது. நான் வக்கீல் இல்லை. யூனியன் இருந்தால் அவர்களிடமோ, இல்லையென்றால் வேலூர் தொழிலாளர் துறை அலுவலகத்திலோ சம்பளச் சீட்டுகளோடு போய்க் கேளுங்கள். இந்த வாரமே போங்கள்.

பி.எஃப். பற்றி ஒரு வார்த்தை. பத்து வருஷம் தாண்டியவர்களுக்கு பென்ஷன் உரிமை உண்டு. 58 வயதில் முழுசாக வரும். 50-க்கு மேல் முன்கூட்டியே வாங்கினால் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறையும். உங்கள் பாஸ்புக்கில் சேமிப்பும் பென்ஷனும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. பென்ஷன் பங்கை எடுத்துக் கடை போடலாம் என்று கணக்குப் போட்டிருந்தால், அதை மறந்துவிடுங்கள். சேமிப்பையும் மகள் கல்லூரியில் சேரும் வரைக்கும் தொடாமல் இருப்பதுதான் நல்லது. கடைக்கு முதலில் சரக்கு வேண்டும், அப்புறம் கடன் கொடுத்துத் தாங்கும் சக்தி வேண்டும். எலெக்ட்ரிக்கல் கடையில் பாதி வியாபாரம் எலெக்ட்ரீஷியன்களின் கடன் நோட்டில்தான் ஓடுகிறது. அந்த ஆட்களைத் தெரியாமல் கடை திறந்தால் வாங்க வருபவர் இருக்க மாட்டார். ஐந்து வருஷம் கழித்து, வேலை வழியாகப் பத்துப் பேரைத் தெரிந்த பிறகு யோசிக்கலாம்.

லைசென்ஸ் பற்றி மச்சினன் சொன்னது

அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஃபேன் மாட்ட, சுவிட்ச் மாற்ற வருபவரிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் சட்டம் வேறு மாதிரி இருக்கிறது. வீட்டு மின் அமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். புது வீட்டுக்கு மின் இணைப்பு கேட்டு மின்வாரியத்துக்குப் போனால், வயரிங் முடித்த டெஸ்ட் ரிப்போர்ட்டில் அந்த ஒப்பந்ததாரரின் கையெழுத்தும் முத்திரையும் கேட்பார்கள். உங்கள் மச்சினன் அந்தக் காகிதத்துக்கு யாரிடமோ போய் நிற்கிறார் என்று நினைக்கிறேன். நாளை நீங்களும் நிற்க வேண்டி வரும்.

ஒன்றும் ஆகாத வரைக்கும் எல்லாம் சரி. நீங்கள் போட்ட லைனில் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால், போலீஸ் முதலில் கேட்பது, வேலை செய்தவருக்குச் சான்று உண்டா என்றுதான். கவனக்குறைவால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. உரிமம் உள்ளவருக்குக் கீழே முறையாக வேலை செய்கிறவர் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

அந்தப் பயிற்சி மையத்துக்கு வருகிறேன். மின் தொழிலுக்கான சான்றும் உரிமமும் தருவது தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம். வேறு எந்த மையமும், எவ்வளவு பணம் வாங்கினாலும், லைசென்ஸ் தர முடியாது. அவர்கள் தருவது ஒரு படிப்புச் சான்றிதழ். அதற்கு ஒரு மதிப்பு இருக்கலாம், ஆனால் லைசென்ஸ் என்று சொல்லி விற்பது சரியில்லை. 48,000 ரூபாயைக் கையில் வைத்திருங்கள்.

மூடியது எது, திறந்திருப்பது எது

அரசு ஐ.டி.ஐ. சேர்க்கையில் ஆண்களுக்கு 40 வயது வரை என்பதுதான் வழக்கமான வரம்பு. அந்த ஒரு கதவு மூடியிருக்கிறது என்பது உண்மை. அதனால் எல்லாமே மூடியது என்று நீங்கள் முடிவு கட்டியதுதான் தப்பு.

மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துவது. அறிவிப்பு பேப்பரில் வரும், விண்ணப்பம் அரசு ஐ.டி.ஐ.களில் கிடைக்கும். 21 வயது முடிந்திருக்க வேண்டும், வயரிங் தொழிலில் 5 வருஷத்துக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். உச்ச வயது வரம்பு இல்லை. உங்களைப் போன்றவர்களுக்காகவே வைத்த வழி மாதிரி இருக்கிறது. இது முதல் படி. இதற்கு மேல் மின்கம்பியாள் (வயர்மேன்), மேற்பார்வையாளர் என்று படிகள் இருக்கின்றன. ஒப்பந்ததாரர் உரிமம் தனி.

இங்கேதான் உங்களுக்குக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 5 வருஷ அனுபவத்தை யாராவது எழுத்தில் கொடுக்க வேண்டும். உரிமம் இல்லாத மச்சினனோடு ஐந்து வருஷம் ஓடினால் தொழில் வரும், காகிதம் வராது. ஆகவே உரிமம் உள்ள ஒப்பந்ததாரரிடம் உதவியாளராகச் சேருங்கள். உங்கள் பக்கத்துப் பெரிய எலெக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் யார் முறையாக ரிப்போர்ட் கொடுப்பவர் என்று சொல்வார்கள். சேரும்போதே கேளுங்கள்: "அஞ்சு வருஷம் கழிச்சு அனுபவச் சான்று தருவீங்களா?" தயங்குகிறவரிடம் சேராதீர்கள். நாள் கூலி பேசிக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்கிறோமே என்று இலவசமாகப் போக வேண்டாம். ஒரு நோட்டுப் போட்டு தேதி, ஊர், என்ன வேலை, எத்தனை பாயின்ட் (லைட், ஃபேன், பிளக் இடங்கள்) என்று எழுதி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சினனோடு போவதில் தப்பில்லை, உறவும் கெடாது. அவரையும் அந்தத் தேர்வுக்கு இழுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

ஷூ கம்பெனியின் 9 வருஷ மெயின்டனன்ஸ் அனுபவம் அந்த 5 வருஷக் கணக்கில் சேருமா என்பது அவர்கள் தரும் சான்றில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 'உதவியாளர்' என்று மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை. மின் பராமரிப்பு, வயரிங், கான்டாக்டர் (மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் மின்காந்த சுவிட்ச்), பேனல் வேலை என்று விவரமாக எழுதித் தரச் சொல்லி, வெளியே வருவதற்கு முன்னாலேயே கையில் வாங்கிவிடுங்கள். கணக்கு முடிந்த பிறகு எச்.ஆர். உங்கள் போனை எடுக்க மாட்டார்.

பயிற்சிக்கு, மாவட்டத்துக்கு ஒன்றாக வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. கிராமத்து ஆட்களுக்குக் கட்டணமில்லாமல் வீட்டு வயரிங் சொல்லித் தருகிறார்கள், சாப்பாடும் உண்டு. உங்கள் வயதுக்கு அங்கே இடமுண்டு. உங்கள் ஊர் வங்கிக் கிளையிலேயே விசாரிக்கலாம். ஒரு மாதப் பயிற்சியில் யாரும் எலெக்ட்ரீஷியன் ஆகிவிட முடியாது. ஆனால் ஒப்பந்ததாரரிடம் போகும் முதல் நாள் வெறுங்கையோடு போக மாட்டீர்கள்.

நடுவில் வீடு ஓட வேண்டுமே என்கிறீர்கள். வேலூரில் காந்தி ரோடு சுற்றுவட்டாரத்தில் எத்தனை லாட்ஜ்! சி.எம்.சி.க்கு வருகிற நோயாளிகள் குடும்பத்தோடு மாதக்கணக்கில் தங்குகிறார்கள். கீசர், ஃபேன், மோட்டார் என்று தினமும் ஏதாவது பழுதாகும். லாட்ஜ், ஆஸ்டல், கல்யாண மண்டபம் இவற்றுக்கெல்லாம் மாதச் சம்பளத்துக்கு மெயின்டனன்ஸ் ஆள் வேண்டியிருக்கிறது. காலை ஷிப்ட் அங்கே, மீதி நேரம் ஒப்பந்ததாரரோடு என்று முதல் ஒரு வருஷத்தைத் தாண்டியவர்கள் என் மாணவர்களிலேயே இருக்கிறார்கள்.

த்ரீ ஃபேஸ் பார்த்தவனுக்கு வீட்டு வயரிங் சாதாரணம் என்ற எண்ணம்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்திய வரி இதுதான். கம்பெனியில் பேனல் திறந்தால் எந்த லைன் எங்கே போகிறது என்று நம்பர் ஒட்டியிருக்கும். வீட்டில் சுவருக்குள் பைப், பைப்புக்குள் கம்பி, போட்டவர் யாரென்றே தெரியாது. சிவப்புக் கம்பி தீர்ந்துபோய் கறுப்பில் ஃபேஸ் இழுத்திருப்பார். பச்சைக் கம்பியை எர்த்துக்குப் போடாமல் டூ-வே சுவிட்சுக்குப் பயன்படுத்தியிருப்பார். நிறத்தை நம்பிக் கை வைக்கவே முடியாது.

ஒரு வீட்டில் ஃபேன் ஓடவில்லை. பக்கத்து பிளக்கில் டெஸ்டர் வைத்தால் இரண்டு துளையிலும் எரிகிறது. புதிதாக வந்தவர், "ரெண்டு ஃபேஸ் வந்துடுச்சு" என்பார். அப்படி இல்லை. எங்கேயோ நியூட்ரல் அறுந்திருக்கிறது. ஆன் ஆகியிருக்கும் ஒரு பல்பு வழியாக ஃபேஸ் சுற்றிக்கொண்டு நியூட்ரல் கம்பிக்கு வந்து நிற்கிறது. அந்தக் கம்பியை நியூட்ரல்தானே என்று பிடித்தால் ஷாக் அடிக்கும். ஜங்ஷன் பாக்ஸ் ஒவ்வொன்றாகத் திறந்து, கறுத்துப்போன ஜாயின்ட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

என் கதை ஒன்று. சத்துவாச்சாரியில் ஒரு வீடு, கோடைக்காலம். மெயினை நானே இறக்கினேன், டி.வி. அணைந்ததைப் பார்த்தேன், ஏணியில் ஏறி ஃபேன் பாக்ஸில் கை வைத்தேன். இன்வெர்ட்டர் இருந்ததை நான் கேட்கவே இல்லை. மெயின் போனதும் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆள்காட்டி விரல் நுனி கருகிவிட்டது. ஏணியிலிருந்து சரிந்தவனை வீட்டுக்காரர் மகன் இடுப்பில் பிடித்துக்கொண்டதால்தான் இதை எழுதுகிறேன். அப்போது எனக்கு 19 வருஷ அனுபவம். இன்றைக்கு நம் ஊரில் பாதி வீட்டில் இன்வெர்ட்டர், மாடியில் சோலார் பேனலும் வரத் தொடங்கியிருக்கிறது. வெயில் இருக்கிற நேரமெல்லாம் பேனலிலிருந்து இறங்கும் கம்பியில் கரண்ட் இருக்கும், எந்த மெயினை இறக்கினாலும். நம் வேலூர் வெயில் எப்போது அடிக்காமல் இருந்தது?

அந்த வெயில்தான் உங்களுக்குச் சோறும் போடும். மார்ச் தொடங்கினால் ஏ.சி. வாங்குவார்கள். லைட்டுக்குப் போட்ட மெல்லிய கம்பியில் ஏ.சி.யையும் கீசரையும் மாட்டி, பிளக் உருகி, "எலெக்ட்ரீஷியன் யாராவது இருக்காங்களா" என்று தேடுவார்கள். அப்போது மெயினிலிருந்து 4 ஸ்கொயர் எம்.எம். கம்பியில் தனி லைன், தனி எம்.சி.பி. (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), சரியான எர்த் என்று செய்து கொடுப்பவர் பெயர் தெரு முழுக்கப் பரவும். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனை அணைக்கும் சுவிட்ச்) ஒன்றையும், எம்.சி.பி.களெல்லாம் இருக்கும் டி.பி. பாக்ஸில் போடச் சொல்லி வற்புறுத்துங்கள். வாஷிங் மெஷினைத் தொட்டால் "சுரீர்னு இருக்கு" என்று சொல்கிற எந்த வீட்டையும் அது இல்லாமல் விட்டு வராதீர்கள். கமிஷனுக்காகச் சொல்கிறார் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும்.

இன்னொன்று, கிராமத்தில் நடப்பது. நீங்கள் எலெக்ட்ரீஷியன் என்று தெரிந்ததும் ஊரில் கரண்ட் போனால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். "லைன்மேன் வரல, ஏறி ஃபியூஸ் மட்டும் போட்டுடுப்பா" என்பார்கள். பெரியப்பா முறை ஆள் கேட்பார், மறுப்பது கஷ்டம். ஏறாதீர்கள். கம்பமும் டிரான்ஸ்பார்மரும் மீட்டரும் மின்வாரியத்துடையவை. மீட்டருக்குப் பின்னால் தொடங்குவதுதான் உங்கள் வேலை. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, நீங்களே போன் போட்டுக் கொடுங்கள். ஊருக்கு அந்த உதவி போதும்.

உடம்பு

சர்க்கரை இருப்பதால் இந்த வேலை கூடாது என்று இல்லை. ஆனால் காலையில் மாத்திரை போட்டு, சாப்பிடாமல் ஏணியில் ஏறுவது கூடவே கூடாது. சர்க்கரை இறங்கித் தலை சுற்றினால் எட்டடி உயரம் போதும். பாதத்தில் மரமரப்பு இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். ஏணிப் படி காலுக்குத் தெரியாவிட்டால் உயரத்து வேலையை இளைஞரிடம் விட்டு, நீங்கள் சுவிட்ச் போர்டு கட்டலாம். கண்ணையும் பாருங்கள். 43-இல் வெள்ளெழுத்து வந்திருக்கும், திருகு ஆணி மங்கலாகத் தெரிந்தால் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். சிவப்பு பச்சை வேறுபாடு தெரிகிறதா என்பதையும் அதே நாளில் சோதித்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியை விட்டால் இ.எஸ்.ஐ. நீடிக்காது. ஆகவே கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். எலெக்ட்ரீஷியன் வேலைக்கும் அங்கே பதிவு உண்டு, 18 முதல் 60 வயது வரை. வங்கியில் பிரதமர் சுரக்ஷா பீமா, வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். முதல் நாள் வேலைக்குப் போவதற்கு முன்னால் இவை இரண்டும் கையில் இருக்கட்டும்.

அப்புறம் உங்கள் கை. 12 வருஷம் தோல் வெட்டிய கை, ஒரு மில்லிமீட்டர் தப்பினால் அந்தத் தோல் வீண் என்று தெரிந்த கை. கம்பியின் மேல் தோலை உரிக்கும்போது உள்ளே செம்பு இழை ஒன்றுகூட வெட்டுப்படக் கூடாது என்று பையன்களுக்குப் புரியவைக்க எனக்கு மாதக்கணக்கில் ஆகும். உங்களுக்கு அது ஒரு நாள் வேலை. சுவிட்ச் பாக்ஸ் சாய்ந்திருந்தால் உங்கள் கண்ணுக்கு உடனே உறுத்தும்.

டூல்ஸ் கேட்டீர்கள். இன்சுலேஷன் போட்ட கட்டிங் பிளேயர் ஒன்று, ஸ்க்ரூ டிரைவர் இரண்டு அளவில், டெஸ்டர், சாதாரண மல்டிமீட்டர், நல்ல ரப்பர் சோல் ஷூ. ஷூவைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிரில் மெஷின், மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) எல்லாம் ஒப்பந்ததாரரிடம் இருக்கும், இப்போது வாங்க வேண்டாம். கூடவே ஒரு ஹோல்டரில் இரண்டு கம்பி இழுத்து, பல்பு மாட்டி, டெஸ்ட் லேம்ப் ஒன்று நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கம்பியைத் தொடாதீர்கள். வெயிலில் அதன் வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது. கரண்ட் இருக்கும் ஒரு பிளக்கில் பல்பு எரிகிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு நீங்கள் வேலை செய்யப்போகும் இடத்தில் வையுங்கள், மறுபடியும் அந்த பிளக்கில் வைத்துப் பல்பு போய்விடவில்லை என்று உறுதி செய்யுங்கள். அதற்குப் பிறகு வீட்டுக்காரரிடம் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏணியில் ஏறுங்கள்.